கையில் வாங்காத தண்ணீர்

செப்டம்பர் 3, புதன்

இன்றைக்கும் நாலு பேர் என்னை ‘ஷூட்டர்’ என்று கூப்பிட்டார்கள். என் பெயர் சுடர். சண்டையே கூடாது, பட்டாளத்துக்கும் போகமாட்டோம் என்கிற ஜனங்களின் வாயில் அது இப்படித்தான் வருகிறது.

ஆமிஷ்காரர்கள் கார் வைத்துக்கொள்ளக் கூடாது, ஓட்டக் கூடாது. ஆனால் அடுத்தவர் ஓட்டினால் ஏறி உட்காரலாம். குதிரைவண்டி போகமுடியாத தூரத்துக்கெல்லாம், ஆஸ்பத்திரி, பல் டாக்டர், கல்யாணம், சாவு எதுவானாலும், வேன் ஓட்ட என்னை மாதிரி ஒரு வெளியாள் வேண்டும். வீட்டுக்குள் கரண்ட் கூடாது, டிவி கூடாது, செல்போன் கூடாது. எனக்கு இதெல்லாம் ஏன் என்று புரியவில்லை. புரியாததைத் திட்டிக்கொண்டே ஓட்டுகிறேன்.

காலேஜை இரண்டாம் வருடத்தில் விட்டேன். போரடித்தது. இந்த ஒஹாயோ கிராமத்தில் மாமா மோட்டல் வைத்திருக்கிறார். அப்பா போனபிறகு அம்மாவும் நானும் இங்கேதான். அம்மா அறை சுத்தம் செய்கிறாள், நான் மாமாவின் வேனை ஓட்டுகிறேன்.

“கம்ப்யூட்டர் படிக்க அனுப்புனா, குதிரவண்டிக்காரனுக்கு டிரைவரா வந்து நிக்கிறா பாரு” என்று அம்மா தினமும் ஒருமுறை சொல்வாள். இன்று இரண்டு முறை.

“விடுக்கா, வண்டி சும்மா நின்னா துருப்பிடிக்கும். அவளும்தான்” என்றார் மாமா.

ஒன்று எழுதி வைக்கிறேன். இவர்கள் என்னோடு இங்கிலீஷில் பேசுவதைத் தமிழில்தான் இதில் எழுதப்போகிறேன். அங்கே எல்லாருக்கும் ஒரே ‘யூ’தான். வயசையும் ஆளையும் பார்த்து நானே ‘நீங்க’, ‘நீ’ போட்டுக்கொள்வேன்.

செப்டம்பர் 4, வியாழன்

வேனில் ஒரு கோழி முட்டையிட்டது. துடைத்தேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

எட்னா என்று ஒரு விதவை. அவர் மகன் மாலனை விதைக் கடைக்கு அழைத்துப்போனேன். அம்மாவும் மகனும் மட்டும் மாடு வைத்துப் பால் கறந்து பிழைக்கிறார்கள். மாலனுக்கு என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும். ஞானஸ்நானம் எடுத்துச் சபையில் சேர்ந்தாயிற்று. சேர்ந்துவிட்டால் அப்புறம் சட்டமெல்லாம் கறார்.

“மாலன்னு எங்க ஊர்லயும் பேர் உண்டு” என்றேன்.

“எங்களுக்கு பைபிள்ல இருந்து வந்தது. அந்த மாலன் வேற நாட்டுப் பொண்ணக் கட்டினார்.”

“அப்புறம்?”

“அடுத்த வரியில செத்துட்டார்.”

சிரித்து ஸ்டியரிங்கை விட்டுவிட்டேன். எதிரே டீக்கன் வெர்னனின் குதிரைவண்டி வந்தது. சபையில் யாராவது தப்புச் செய்தால் வீடு தேடிப்போய் விசாரிப்பது இந்த டீக்கனின் வேலை. நான் கை காட்டினேன். அவர் காட்டவில்லை. முன்சீட்டில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்த மாலனைப் பார்த்துக்கொண்டே போனார்.

கடை வரும்வரை மாலன் என் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். ஷூடர், சூதர், சுடா. கடை வாசலில் இறங்கும்போது சரியாகச் சொல்லிவிட்டார். ‘சுடர்.’ இந்தக் கிராமத்தில் இதுவரை வேறு யாருக்கும் வராதது. சும்மா எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

செப்டம்பர் 13, சனி

பேனாவை அழுத்தி அழுத்தி எழுதுகிறேன். ஆத்திரத்தில்.

எட்னா வீட்டில் இன்று சோளத்தட்டையை நறுக்கி மாட்டுத்தீவனக் கோபுரத்தில் நிரப்புகிற வேலை. ஊரே வந்து ஒத்தாசை செய்யும். பக்கத்து ஊர்ச் சொந்தக்காரர்களை ஏற்றிவந்து இறக்கிவிட்டு நானும் நின்றேன். தண்ணீர் கேனுக்குக் குவளைகள் போதவில்லை. வேனில் நான் காபிக்கு வைத்திருக்கும் எவர்சில்வர் டம்ளரைக் கொடுத்தேன். அது அப்பாவுடையது. அடியில் அவர் பெயர் வெட்டியிருக்கும்.

மாலன் அதில் தண்ணீர் பிடித்து எல்லாருக்கும் நீட்டிக்கொண்டே வந்தார். எல்லாரும் வாங்கிக் குடித்தார்கள். டீக்கன் வெர்னனிடம் நீட்டியபோது அவர் கை முன்னால் வரவில்லை. மோவாயால் பெஞ்சைக் காட்டினார். மாலன் டம்ளரைப் பெஞ்சில் வைத்தார். அதற்கப்புறம்தான் வெர்னன் எடுத்தார், குடித்தார், மறுபடி பெஞ்சிலேயே வைத்தார்.

இதை எனக்கு யாரும் விளக்கவேண்டாம். அருப்புக்கோட்டைக்குத் தெற்கே எங்கள் ஊர் டீக்கடையில் அப்பாவுக்கு டீ இப்படித்தான் வரும். கடைக்காரர் கையில் கொடுக்கமாட்டார், பெஞ்சில் வைப்பார். அப்பா எடுத்துக் குடிப்பார். நான் ஐந்தாவது படித்தபோது, “ஏம்ப்பா கையில தரமாட்டேங்கிறாரு?” என்று சத்தமாகக் கேட்டேன். அப்பா அன்று டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார். மறுநாள் பாத்திரக்கடையில் இந்த டம்ளரை வாங்கினார், பெயர் வெட்டவைத்தார், அதற்கப்புறம் டீயை வீட்டிலேயே குடித்தார்.

அந்த டம்ளரையா பெஞ்சில் வைக்கிறார்?

“ஏன், அவர் கையில என்ன, நோயா?” என்று கேட்டே விட்டேன். நறுக்கும் இயந்திரத்தின் சத்தத்தில் வெர்னன் காதில் விழுந்ததோ என்னவோ. மாலன் மட்டும் திரும்பினார்.

“என்ன ஆச்சு?”

“அவர் உங்க கையில வாங்கல.”

“கவனிக்கலையே” என்றார். கவனித்திருக்கிறார். காது சிவந்துவிட்டது.

கோபத்தில் டம்ளரை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இவர்களுக்குச் சபை ஒருவாரம் விட்டு ஒருவாரம். இன்று சபை, வண்டிக்கு வேலை இல்லை. மோட்டல் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னேன். அம்மா தலையணை உறையை உதறினாள்.

“வெள்ளக்காரனுக்குள்ளயுமா?”

“வெள்ளக்காரனுக்குள்ளயேதான்.”

“டம்ளர் எங்கடி?”

அடுத்த விரிப்பை எடுத்து மடித்தேன்.

செப்டம்பர் 17, புதன்

எட்னாவை மளிகைக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் அழுதார். சத்தமில்லாமல் அழுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்னும் கோபம் வரும்.

நேற்று வெர்னன் இவர்கள் பால் அறைக்கு வந்திருக்கிறார். கேன்களுக்குப் பின்னாலிருந்து ஒரு செல்போனை எடுத்திருக்கிறார். பாவத்தின் பொருள் என்று அங்கேயே சுத்தியலால் நொறுக்கி, தூளைத் துணியில் கட்டிப் பிஷப்பிடம் கொண்டுபோய்விட்டார். பிஷப் ஆட்லிதான் சபைக்குத் தலைவர்.

“போன் யாருதுன்னு தொறந்து பாத்தாங்களா?”

“நொறுங்கிடுச்சே.”

“நொறுக்குனதுக்கு அப்புறம் சரி. முன்னாடி?”

எட்னா மூக்கைத் துடைத்தார். “டீக்கன் ஏன் அத தொறந்து பாக்கப்போறார்?”

எனக்குத் தெரிந்து தடயத்தைச் சுத்தியலால் அடிக்கிற போலீஸ் எங்குமில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

மாலனிடம் போய்ச் சண்டை போட்டேன். பால் கேன் கழுவிக்கொண்டிருந்தார்.

“போன் உங்களுதா?”

“இல்ல.”

“அப்ப போய் கத்துங்க. அம்மா மேல சத்தியம்னு சொல்லுங்க.”

“நாங்க சத்தியம் பண்ணக் கூடாது. இல்லன்னா இல்லதான். பிஷப் கேட்டார், சொல்லிட்டேன்.”

“ஒரு தடவ சொன்னா ஆச்சா?”

“ஒரு தடவ சொன்னத நம்பலன்னா, பத்தாவது தடவ மட்டும் நம்புவாங்களா?”

ஒத்துக்கொண்டு சபை முன்னால் மண்டியிட்டால் ஆறு வாரம் விலக்கி வைப்பார்களாம். பிறகு கைகொடுத்துச் சேர்த்துக்கொள்வார்கள், அதற்கப்புறம் யாரும் அதைப் பற்றிப் பேசவே கூடாது. ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒத்துக்கொள்ளும்வரை விலக்குதான். சாகும்வரை ஆனாலும்.

“அப்ப ஒத்துக்கிட்டுத் தொலைங்களேன்!”

“செய்யலையே, சுடர்.”

என்ன ஜென்மம் இது. கேனை எட்டி உதைத்தேன். கால் வீங்கியிருக்கிறது.

செப்டம்பர் 28, ஞாயிறு

விலக்கிவிட்டார்கள். எனக்கென்ன, நான் டிரைவர்.

அக்டோபர் 1, புதன்

எட்னாவின் மூட்டைகளை இறக்கி வைத்தேன். சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்று பிடித்துக்கொண்டார்.

விலக்கப்பட்டவரோடு ஒரே மேசையில் சாப்பிடக் கூடாதாம். பெற்ற தாயும் கூடாது. எட்னா என்ன செய்திருக்கிறார் என்றால், இரண்டு மேசைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, மேலே ஒரே நீள விரிப்பை விரித்திருக்கிறார். பார்த்தால் ஒரு மேசை மாதிரியே இருக்கிறது. விரிப்பைத் தடவினேன். கீழே ஒரு விரல் நுழையும் இடைவெளி. இந்தப் பக்கம் எட்னா, அந்தப் பக்கம் மாலன்.

மாலன் ரொட்டித் தட்டை நீட்டினார். எட்னா வாங்கவில்லை. மாலன் அதை விரிப்பின்மேல் வைத்தார். வைத்தபிறகு எட்னா எடுத்துக்கொண்டார்.

“என்ன இது?” என்றேன்.

“விலக்குல இருக்கிறவர் கையில இருந்து வாங்கக் கூடாது” என்றார் எட்னா தட்டைப் பார்த்தபடி. “அவங்க வைக்கணும், நாம எடுக்கணும். இது அவனைத் திரும்பிவர வைக்கிறதுக்கு. வெறுப்பு இல்ல.”

“எங்க ஊர்லயும் அப்படித்தான் சொல்லுவாங்க, வெறுப்பு இல்ல, வழக்கம்னு” என்றேன். எட்னாவுக்குப் புரியவில்லை. மாலன் பிய்த்துக்கொண்டிருந்த ரொட்டியை நான் அவர் கையிலிருந்தே பிடுங்கித் தின்றேன். எனக்கு விலக்கு இல்லையே. ஊறுகாயும் வாங்கினேன். பீட்ரூட் ஊறுகாய் எனக்குப் பிடிக்காது.

அக்டோபர் 2, வியாழன்

பல் தேய்க்கும்போது நின்றுவிட்டேன்.

அன்றைக்குப் பெஞ்சில் டம்ளர் வைத்தது சாதி இல்லை. இவர்களிடம் அது இல்லவும் இல்லை. அது விலக்கு. வெர்னன் அன்று மாலனை விலக்கப்பட்டவராகவே நடத்தினார்.

ஆனால் அது சனிக்கிழமை! போன் கிடைத்தது செவ்வாய்க்கிழமை. சபை விலக்கியது அதற்கும் பிறகு. சனிக்கிழமை மாலன்மேல் ஒரு புகாரும் கிடையாது. சபை விலக்கும்வரை பெற்ற தாயும் செய்யாததை வெர்னன் அன்றைக்கே செய்தார் என்றால், செவ்வாய்க்கிழமை என்ன ‘கிடைக்கும்’ என்று சனிக்கிழமையே அவருக்குத் தெரியும்.

நுரையோடு ஓடிப்போய் மாமாவிடம் சொன்னேன்.

“அந்தாளு சட்டத்த அப்படியே பிடிக்கிறவருல்ல” என்றார் மாமா. “மனசுக்குள்ள ஒருத்தனத் தள்ளிட்டா, கை எப்படி நீளும்? திருடப் போற எடத்துலயும் செருப்பக் கழட்டி வைக்கிற ஆளு. வாயக் கழுவு மொதல்ல.”

அக்டோபர் 4, சனி

“நீ போய் பிஷப் கிட்ட சொல்லு” என்றேன்.

மாலன் வேலிக் கம்பியை இழுத்துக்கட்டிக்கொண்டிருந்தான். “விலக்குல இருக்கிறவன் டீக்கன் மேல பழி சொன்னா, தப்பிக்கச் சொல்றான்னுதான் ஆகும்.”

“ஆகட்டும்.”

“வெர்னன் எங்க அப்பாவோட கூட்டாளி. அப்பா செத்தப்ப எங்க அறுவடைய முடிச்சுக் குடுத்தது அவர்தான்.”

“அதுக்கு உன்னை வெச்சு அவர் என்ன வேணா செய்யலாமா? உனக்குக் கோபமே வராதா?”

“வருது.”

“எங்க, காட்டு.”

அவன் கம்பியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான். “உன்கிட்ட இருக்கிறது போதும்னு நெனைக்கிறேன்.”

அம்மாவோடு ஒரே மேசையில் உட்காரமுடியாமலே அவன் கிழவனாகிவிடுவான். நான் விடமாட்டேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

பிஷப் ஆட்லிக்குக் கண் பரிசோதனை. போக ஒருமணி நேரம், வர ஒருமணி நேரம். இவருக்கு வேகம் ஆகாது.

“மெதுவா போ, ஷூட்டர். சொர்க்கத்துக்கு எனக்கு அவசரம் இல்ல.”

“உங்க கிட்ட ஒண்ணு பேசணும்.”

“சபை விஷயம்னா வெளியாளுங்க பேச முடியாது.”

“அதான் வண்டில பேசுறேன். நீங்க எறங்க முடியாதுல்ல.”

கிழவர் தாடிக்குள் சிரித்தார். நான் சொன்னேன். தண்ணீர், டம்ளர், மோவாய், பெஞ்சு. சனிக்கிழமை, செவ்வாய்க்கிழமை. சொல்லச் சொல்லச் சிரிப்பு நின்றது.

“வேற யார் பாத்தாங்க?”

“அங்க இருந்த எல்லாரும். நீங்கதான் உங்க ஆளுங்களப் பாக்கவே மாட்டேங்கிறீங்க. எங்க ஊர்ல பொறந்திருந்தா யார் கை எங்க நிக்குதுன்னு தானா கண்ணு போகும்.”

இது அதிகப்படிதான். அவர் கோபப்படவில்லை.

“திரும்பறப்ப வெர்னன் வீட்டு வழியா போ” என்றார்.

வேனிலேயே காத்திருந்தேன். பூசணித் தோட்டத்து ஓரமாக இருவரும் நின்றார்கள். பிஷப் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருப்பார், வாய் அவ்வளவுதான் அசைந்தது. வெர்னன் தொப்பியைக் கழற்றினார். அப்புறம் வேலியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். வீட்டு ஜன்னலில் அவர் மகள் லொவீனா நின்றிருந்தாள், முகம் சுண்ணாம்பாக. நவம்பரில் கல்யாணம் அவளுக்கு.

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கவேண்டும். பிஷப்பை வீட்டில் இறக்கிவிட்டு, பெட்ரோல் போட்டு, டயருக்குக் காற்று பிடித்தேன்.

அக்டோபர் 13, திங்கள்

எட்னா சொன்னது. நேற்றுச் சபையில் வெர்னன் மண்டியிட்டார்.

போன் லொவீனாவுடையது. தீவனம் நிரப்பிய சனிக்கு முந்தின வெள்ளிக்கிழமை வெர்னன் அதை அவள் அலமாரியில் பார்த்திருக்கிறார். தெரிந்தால் கல்யாணம் நிற்கும். திங்கட்கிழமை அதை மாலனின் பால் அறையில் வைத்தார், செவ்வாய்க்கிழமை அவரே எடுத்தார். பிஷப்பிடம் அவர் சொன்னது ஒரே வாக்கியமாம்: ‘இது மாலனோட பால் அறையில இருந்துச்சு.’ ஒரு வார்த்தை பொய் இல்லை! இருந்ததுதானே! வாழ்நாளில் பொய்யே சொல்லாதவராம். ‘சனிக்கிழமை ஏன் தண்ணிய அவன் கையில வாங்கல?’ என்று பிஷப் நேராகக் கேட்டதும் அவரால் முடியவில்லை.

இப்போது வெர்னனுக்கு ஆறு வாரம் விலக்கு. லொவீனாவும் மண்டியிட்டாள், கல்யாணம் வசந்தத்துக்குத் தள்ளிப்போயிற்று. மாலனை எழுப்பி நிறுத்தி, கைகொடுத்து, சேர்த்துக்கொண்டார்கள். மன்னிக்கிறாயா என்று கேட்டதும் மன்னித்துவிட்டானாம். யோசிக்கக்கூட இல்லை. ஊரே மன்னித்துவிட்டது. முடிந்தது, இனி யாரும் பேசக் கூடாது.

இவ்வளவுதானா? ஒரு தாய் விரிப்புக்குக் கீழே விரல் அளவு இடைவெளி விட்டுச் சாப்பிட்டதற்கு இவ்வளவுதானா? நான் மன்னிக்கவில்லை. என்னை யாரும் கேட்கவும் இல்லை.

எட்னா சிரித்துக்கொண்டே இறங்கினார். இரண்டாவது மேசையைக் கொட்டகைக்கே தூக்கிப் போட்டுவிட்டாராம்.

அக்டோபர் 15, புதன்

வெர்னனுக்குப் பல் டாக்டர். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். பின்சீட்டில் உட்கார்ந்தார். பாதி வழியில் அவராகவே பேசினார்.

“அன்னிக்கு உன் வண்டில அவன் முன்னாடி உக்காந்து சிரிச்சதப் பாத்தேன். எங்க ஆளுங்க யாரும் அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. இவன் போயிட்டான்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். எப்படியும் போறவன் மேல போட்டா யாருக்கும் நஷ்டமில்லன்னு நெனச்சேன்.”

“அவன் எங்கயும் போகல!”

“ஆமா” என்றார். “போக இருந்தவனுக்கு நானே கதவத் தொறந்து விட்டேன். நீ மூடிட்ட. அவன உள்ள வெச்சு மூடிட்ட.”

கண்ணாடியில் அவரைப் பார்த்தேன். கேலி செய்யவில்லை. நிஜமாகவே எனக்கு நன்றியாகத்தான் அதைச் சொன்னார், அதுதான் தாங்கவில்லை.

இறங்கும்போது ஒரு பை ஆப்பிள் நீட்டினார்.

“சீட்டுல வைங்க” என்றேன்.

வைத்தார். நன்றாக இருந்தது எனக்கு.

அக்டோபர் 16, வியாழன்

வேலை இல்லை. மழை. ஆப்பிளை அம்மா தின்றாள், நல்ல இனிப்பு என்றாள்.

அக்டோபர் 18, சனி

வேன் கழுவிக்கொண்டிருந்தேன். மோட்டல் வாசலில் குதிரைவண்டி வந்து நின்றது.

“யாருடி அது, தொப்பிக்காரன்?” என்று அம்மா மாடிப்படியிலிருந்து கத்தினாள்.

மாலன் இறங்கினான். சபையில் போட்டுக்கொள்ளும் கறுப்புக் கோட்டு. அதற்குள் ஆள் கொஞ்சம் சிறியவனாகத் தெரிந்தான்.

“இனிமே என்னை க்ளைட் வண்டில போகச் சொல்லிட்டார் பிஷப்” என்றான்.

க்ளைட் எழுபது வயசு டிரைவர்.

“சரி. க்ளைட் நல்லா ஓட்டுவார். ஸ்டியரிங்க விடமாட்டார்.”

“நானும் சரின்னு சொல்லிட்டேன்.”

“நீ எதுக்குத்தான் சரின்னு சொல்லல?”

அவன் கோட்டுப் பையிலிருந்து டம்ளரை எடுத்தான். அப்பாவின் டம்ளர். தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தான்.

“தீவனக் கோபுரத்துப் பக்கம் கெடந்தது. அடியில என்ன எழுதியிருக்கு?”

“எங்க அப்பா பேரு.”

நீட்டினான். எனக்கு அப்படி ஒரு எரிச்சல் வந்தது. அவன்மேலா, பிஷப்மேலா, இந்த ஊர்மேலா தெரியவில்லை.

“அங்க வை” என்றேன். மோவாயால் வேனின் பானெட்டைக் காட்டினேன்.

அவன் ஒரு நிமிடம் என்னையே பார்த்தான். பிறகு வைத்தான். தகரத்தின்மேல் எவர்சில்வர் ‘ணங்’ என்றது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். ஐந்தாவது படிக்கும்போதிருந்து தெரியும்.

அவன் குதிரைப் பக்கம் திரும்பி நடந்துவிட்டான்.

“மாலன்!”

நின்றான்.

“எடு. எடுத்துக் கையில குடு.”

திரும்பி வந்தான். எடுத்தான். நான் இரண்டு கையையும் நீட்டினேன், சோப்பு நுரையோடு. கொடுத்தான். அவன் விரல்கள் பால் கறக்கிறவனின் விரல்கள், சொரசொரவென்று இருந்தன. அவன் அவற்றை உடனே எடுத்துக்கொள்ளவில்லை.

“சுடர்” என்றான். சரியாகச் சொன்னான். அப்புறம் போய்விட்டான்.

வண்டி பாலத்தைத் தாண்டும்வரை குளம்புச் சத்தம் கேட்டது. அம்மா பக்கத்தில் வந்து நின்றாள்.

“என்னடி, காலி டம்ளர ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டு நிக்கிற?”

“கழுவணும்” என்றேன்.

இன்னும் கழுவவில்லை.